நீடாமங்கலம் கேட், மதியம் 3.10

கேட் போட்டுவிட்டார்கள்.
எனக்கு முன்னால் ஒரு மினி பஸ்,
வைக்கோல் ஏற்றிய டிராக்டர்,
தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு
தூங்கவே தொடங்கிவிட்ட டிவிஎஸ் ஃபிஃப்டிக்காரர்.
இன்ஜினைக் கழற்றி மறுமுனையில் மாட்டும்வரை
இந்த ஊரில் யாரும் எங்கேயும் போக முடியாது.

நாலு மணிக்குள் சொல்ல வேண்டும்.
கோயம்புத்தூரிலிருந்து பேசிய பெண்
வார்த்தைக்கு வார்த்தை "மேடம்" என்றாள்.
மன்னார்குடி லேபில் பதினொரு வருஷமாக
நான் "ரத்தம் எடுக்குற அக்கா".

ஸ்டாண்ட் போட்டுவிட்டு
மருந்துச் சீட்டின் பின்பக்கம் மறுபடி எழுதினேன்.
சம்பளம் முப்பத்தொன்று.
வாடகை ஒன்பது. அட்வான்ஸ் அறுபது,
வளையலை வைத்தால் வரும்.
பாப்பா ஸ்கூல், கேள்விக்குறி.
அவர்
என்று எழுதி
அதற்கு நேராக எதுவும் வரவில்லை.
ஜெல் பேனா அங்கேயே நின்று
மசி பெரிதாகிக்கொண்டிருந்தது.

பூவராகன் அறுவடை மெஷின் மெக்கானிக்.
மாசியில் பெல்ட் அறுந்தால்
வலங்கைமான் தாண்டியும் வண்டி வந்து அழைத்துப் போகும்.
"அங்க மோட்டார் கம்பெனி நிறைய இருக்கே" என்றேன்.
"இருக்கு" என்றார்.
பிறகு "உன் இஷ்டம்" என்றார்.
ராத்திரி ஒருமுறை, காலையில் ஒருமுறை,
ஹெல்மெட்டை எடுத்துக் கொடுக்கும்போது ஒருமுறை.
மூன்றாவது "உன் இஷ்டம்"
கொஞ்சம் நனைந்திருந்தது.
காயட்டும் என்று விட்டுவிட்டு வந்தேன்.

மகள் கேட்டது ஒன்றுதான்:
"அங்க மழைக்கு லீவு விடுவாங்களா?"
தெரியலை என்றேன்.
இதுகூடத் தெரியாமலா என்று பார்த்தாள்.

ஆறு என்னைப் பிடித்து வைத்திருக்கிறது என்று
சொல்லிக்கொள்ள ஆசைதான்.
சொன்னால் யாரும் மறுபேச்சுப் பேச மாட்டார்கள்.
ஆனால் மூணாறு தலைப்பில்
வெண்ணாறு வந்து நிற்கும்போது
கோரையாற்றுக்கு எவ்வளவு, பாமணிக்கு எவ்வளவு என்று
ஒரு லஸ்கர்தான் ஷட்டரைச் சுற்றுகிறார்.
தண்ணீர் அங்கே நின்று யோசித்து
நான் பார்த்ததில்லை.

சரக்கு ரயில் நகர்ந்தது. பெட்டி பெட்டியாக நெல்.
இரட்டைப்படையில் முடிந்தால் போவது என்று
எண்ணத் தொடங்கினேன்.
பதினேழில் வெள்ளரிப்பிஞ்சு விற்கிறவன் குறுக்கே வந்தான்.
விட்டது பதினெட்டா, பத்தொன்பதா?
டிராக்டர்காரரிடம் கேட்டேன்.
"நாப்பத்திரெண்டு. எப்பவும் நாப்பத்திரெண்டுதான்" என்றார்,
ரயிலைப் பார்க்காமலே.

எப்பவும் இரட்டை.
அப்படியென்றால் இந்த கேட்டில் நின்ற
ஒவ்வொரு நாளும் நான் போயிருக்க வேண்டும்.

வீட்டில் சொல்லப் போவதில்லை, இங்கே சொல்கிறேன்:
எண்ணிக்கை தவறியபோது எனக்கு நிம்மதி வரவில்லை.
எரிச்சல் வந்தது.
அவர் நாற்பத்திரண்டு என்ற பிறகுதான்
தோள் இறங்கியது.
நரம்பு தெரியாத கையில்
கண்ணை நம்பாதே, விரலை நம்பு என்று
புதிதாக வரும் பெண்களுக்குச் சொல்லித் தருகிறவள் நான்.

கேட்டைத் தூக்கினார்கள்.
இந்தப் பக்கம் ரோட்டின் முழு அகலத்துக்கும் நாங்கள்.
அந்தப் பக்கம் முழு அகலத்துக்கும் அவர்கள்.
தண்டவாளத்துக்கு மேலே முகத்துக்கு முகம்,
ஹாரன்.
ஒரு சக்கரமும் அசையவில்லை.

3.46. போன் அடித்தது.
டிவிஎஸ்காரர் எழுந்து துண்டை உதறி
"பொறுங்கப்பா, ஒவ்வொண்ணா வரட்டும்" என்றார்,
எல்லாரிடமும்.

ஹெல்மெட்டைக் கழற்றினேன்.
"ஸ்கூல் முடியணும், ஜூன் ஒண்ணாம் தேதி சேரலாமா?"
"தாராளமா மேடம். வீடு நாங்களே பார்த்துத் தர்றோம்.
மொத்தம் எத்தனை பேர் வருவீங்க?"

மினி பஸ் பின்னால் நகர்ந்து வழிவிட்டது.
"இங்க ஒரே சத்தம், கேக்கலை" என்றேன்.

கேட்டது.