எட்டின் இடுப்பு

ஜனவரியில் மிஷ்கோல்ட்ஸ் நகரத்தில்
குழாய்க்காரனுக்குத்தான் ராஜ மரியாதை.
எட்டாம் மாடி. லிஃப்ட் படுத்துவிட்டது.
பெட்டியோடு ஏறி, மூச்சு வாங்கிக்
கதவைத் தட்டினால்
திறப்பது எமொகே டீச்சர்.
என் மகன் கெர்கோவுக்குக் கணக்கு எடுப்பவள்.
பள்ளியில் பார்த்ததைவிடச் சின்னப் பெண்ணாக,
இரண்டு ஸ்வெட்டர், மேலே ஒரு கோட்டு.

வெந்நீர்க் கலன் செத்து ஒன்பது நாளாம்.
"சம்பளம் வரட்டும் என்று இருந்தேன்."
சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

மண்டியிட்டு வேலை பார்த்தேன்.
மேசைமேல் விடைத்தாள் கட்டு.
நாற்காலி முதுகில்
கிடங்கு ஆட்கள் போடும் மஞ்சள் சட்டை.
இரவு பத்திலிருந்து இரண்டு வரை
டின் மீனுக்கு விலை ஒட்டுகிறாள்.
கெர்கோ சொல்லியிருந்தான், சிரித்துக்கொண்டே.
அன்று அவனை அதட்டியிருக்கலாம்.
நானும் சிரித்ததாகத்தான் ஞாபகம்.

ஐந்து வருடம் பல்கலைக்கழகத்தில் படித்தவள் அவள்.
நான் தொழிற்பள்ளியைத் தட்டுத்தடுமாறித் தாண்டியவன்.
என் ஒரு மதியம், அவளுடைய மூன்று நாள்.
அதற்காக என் கூலி அதிகம் என்று யாரும் ஆரம்பிக்க வேண்டாம்.
என் முட்டியைக் கேளுங்கள்.
ஈரச் சுவர் இடுக்குகளில் வளைந்து வளைந்து
இடப்பக்கம் திரும்ப மறுக்கும்
இந்தக் கழுத்தைக் கேளுங்கள்.
என் கூலி சரி.
அவள் சம்பளம் தப்பு.
இந்த இரண்டு வரியைக் கூட்டிப் பார்க்க
எதற்கு ஒரு மந்திரிசபை?

பில் எழுதினேன்.
பாகமும் கூலியும் முப்பத்தெட்டாயிரம்.
வரி இருபத்தேழு சதவீதம், பத்தாயிரத்து இருநூற்று அறுபது.
கூட்டினால் 48,260.
அந்த எட்டின் இடுப்புக் கயிற்றை
மெல்ல அவிழ்த்துவிட்டேன்.
வயிறு தளர்ந்து
பூஜ்யமாகி உட்கார்ந்தது.
40,260.

தர்மம் என்றால் தொடமாட்டாள்.
குழாய்க்காரனின் முட்டாள்தனம் என்றால்
ஒருவேளை வாங்கிக்கொள்வாள்.
கெர்கோவின் மதிப்பெண்களைப் பார்த்தவள்,
அவன் அப்பன் கூட்டத் தெரியாதவன் என்று
நம்பாமலா போவாள்?

வாசித்தாள்.
கை தானாகப் போய்ச் சிவப்புப் பேனாவை எடுத்தது.
பூஜ்யத்தின் நடுவே
இறுக்கி ஒரு முடிச்சு.
வாயைக் கட்டி வயிற்றைக் கட்டி
மறுபடி எட்டு எழுந்து நின்றது.
ஓரத்தில் 'கவனம்' என்று எழுதப்போனவள்
முதல் எழுத்தோடு நிறுத்தினாள்.

அப்புறம்தான் என் முகத்தைப் பார்த்தாள்.
தெரியாமல் செய்த தப்பு எது,
தெரிந்தே செய்தது எது என்று
முப்பது முப்பது தாளாகத் திருத்துகிறவளுக்கா
பிரித்துப் பார்க்கத் தெரியாது?
அவள் காது மடல் சிவந்தது.
எனக்கும்தான்.

தடித்த அகராதிக்குள்ளிருந்து நோட்டுகள் வந்தன.
ஒருமுறை எண்ணினாள், மறுபடியும் எண்ணினாள்.
கடைசி இருநூற்று அறுபதும் சில்லறையாக.
வாங்கிக்கொண்டேன்.
வேறென்ன செய்ய,
கணக்கு அவள் பக்கம் இருந்தது.

ஐந்தாம் மாடி இறங்கும்போதுதான் உறைத்தது,
பெரிய ஸ்பேனரை அங்கேயே விட்டுவிட்டேன்.
திரும்பி ஏறவில்லை.
நாளைக்குக் கெர்கோவிடம் கொடுத்தனுப்புவாள்,
துரு துடைத்து,
பழைய வினாத்தாளில் சுற்றி.