வினா பதினான்கு

பனிச்சங்கேணிப் பாலம் தாண்டி
மணல் ஒழுங்கையில் இறங்கியதும்
ஸ்கூட்டியை நிறுத்தி உருட்டிக்கொண்டு போனேன்.
இந்தச் சத்தத்துக்கு முன்பெல்லாம்
படலைகள் ஒவ்வொன்றாய்ச் சாத்தப்படும்.

நாலு வருசம், செவ்வாய்க்கிழமைதோறும்,
நீலச் சட்டையும் பற்றுச்சீட்டுப் புத்தகமும்.
இப்போது முதுமாணி இரண்டாம் ஆண்டு,
இறையியலும் சமூக மேம்பாடும்.
பையில் இருபது வினாக்கொத்து, ஒப்புதல் படிவம்,
லேவியராகமம் இருபத்தைந்தில்
மஞ்சள் கோடு போட்ட வேதாகமம்.

யோகவதி நண்டு வலையில் சிக்கெடுத்துக்கொண்டிருந்தாள்.
நிமிரவில்லை.
"லோன் புள்ள வந்திரிக்காகா," என்றாள் உள்ளே பார்த்து.
"இல்லக்கா, இது படிப்பு."
"அதுவும் கொப்பிதானே."

படிவத்தை நீட்டினேன். ஒருத்தியும் தொடவில்லை.
போனமுறை நான் நீட்டிய கடதாசியில்
ஐந்து பேர் ஒருவருக்கொருவர் பிணை நின்றார்கள்.
பூமலர் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு
ஒரு விடியப்புறம் பஸ் ஏறிவிட்டாள்.
மிச்ச நாலு பேரும் அவளுடையதையும் கட்டினார்கள்.
கட்டும்வரை இதே முற்றத்தில்
இரவு ஒன்பது மணிக்கும்
கதிரையை விட்டு எழும்பாமல் இருந்தது
நான்.

கையெழுத்தில்லாமலே கேட்கத் தொடங்கினேன்.
வினா பதினான்கு:
கடன்பட்ட காலத்தில் கடவுளை
நீங்கள் எவ்வாறு அனுபவித்தீர்கள்?

தெய்வானை வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்து சொன்னாள்:
"செவ்வாய்க்கிழமையில அவரும்
வீட்டில இல்லயெண்டு சொல்லச் சொல்லியிருப்பார் புள்ள."

சிரித்தார்கள். எனக்கும் சிரிப்பு வந்தது,
பிறகு வரவில்லை.

யூபிலி பற்றிச் சொன்னேன்.
ஐம்பதாவது வருசம் எக்காளம் ஊதுவார்கள்,
விற்ற காணி கிறுகி வரும்,
அடிமைப்பட்டவன் வீட்டுக்குப் போவான் என்று.
விரிவுரை மண்டபத்தில் இதைச் சொன்னபோது
குரல் நடுங்கி, கைதட்டல் வாங்கியிருக்கிறேன்.

யோகவதி விரலில் ஏதோ எண்ணினாள்.
"வாங்கிறது கிழமைக்கு ஒருக்கா.
விடுறது அம்பது வருசத்துக்கு ஒருக்காவா?"

மறுகா, உள்ளே போய்
சொப்பிங் பையொன்றைக் கொண்டுவந்து கொட்டினாள்.
புத்தகங்கள். சிலதில் என் எழுத்து.
"உன்ர படிப்பில கணக்கும் இரிக்கிற எண்டால்
இதப் பாரு."

வினாக்கொத்தைப் புரட்டி வெறுந்தாளில் போட்டேன்.
ஐம்பதாயிரம் என்று எழுதியது.
காப்புறுதி, படிவச் செலவு கழித்துக்
கையில் கொடுத்தது நாற்பத்தேழாயிரத்து ஐந்நூறு.
ஐம்பத்திரண்டு வாரம், வாரம் ஆயிரத்து இருநூற்றைம்பது.
வட்டி முப்பது வீதம் என்றுதான்
எனக்குச் சொல்லித்தந்தார்கள்.
நானும் அப்படித்தான் சொன்னேன்.
வாராவாரம் குறையும் முதலுக்குப் பார்த்தால்
எழுபதையும் தாண்டுகிறது.
இரண்டு தரம் போட்டுப் பார்த்தேன்.

அந்தத் தாளைப் பின்னிணைப்பாக வைத்தேன்.
கலாநிதி மனுவேற்பிள்ளை ஓரத்தில்
பென்சிலால் எழுதியிருந்தார்:
கணக்குச் சரி. இதில் இறையியல் எங்கே?
நியாயமான கேள்வி.
ஒன்பது பக்கம் பதில் எழுதி
ஒன்பதையும் அழித்தேன்.

ஐப்பசி மழை தொடங்கிய கிழமை மீண்டும் போனேன்.
ஸ்கூட்டியின் சத்தத்தோடே போனேன்.
படலை திறந்திருந்தது; அன்பினாலா,
காற்றினாலா என்று தெரியவில்லை.

யோகவதி அந்தத் தாளின் பிரதி கேட்டாள்.
பிரதேச செயலகத்தில் பன்னிரண்டு பெண்கள் போய்க்
காட்டப் போகிறார்களாம்.
கொடுத்தேன்.
ஈரக்கையைச் சட்டையில் துடைத்து வாங்கி,
எழுத்துக்கூட்டி வாசித்து,
திருப்பி நீட்டினாள்.

"கீழ உன்ர பேரப் போடு.
முந்தி என்ன வேல செஞ்சநீ எண்டும் எழுது.
மறுகா கையெழுத்து வை."

வாடியின் தகரத்தில் மழை.
ஒப்புதல் படிவத்தைப் பார்த்து
அவர்கள் ஏன் அப்படி நின்றார்கள் என்று
அந்தத் தாளைப் பிடித்தபடி
கொஞ்ச நேரம் நின்றேன்.

பேனையைத் தேடினேன்.
பைக்குள், வேதாகமத்துக்கு அடியில் கிடந்தது.