இரண்டு விரற்கடை

நாலுக்குப் பூஜ்யம்.
அதுவும் தண்டையார்பேட்டைக்காரனிடம்.
அதுவும் நம்ம கிரவுண்டில்,
கார்னர் கொடியோரம் மழைத்தண்ணி தேங்கும் இடம்
நமக்கு மட்டும்தான் தெரியும் என்று
இத்தனை நாள் நம்பிக்கொண்டிருந்த கிரவுண்டில்.
இத்தோடு ஐந்து.

எருக்கஞ்சேரி ஹைரோட்டில் லாரிகள்
ஒன்றன்பின் ஒன்றாக மூச்சு வாங்கி நிற்கின்றன.
நசீர் பாய் கடை பெஞ்சில்
ஆறு டீயை ஒன்பது கிளாசில் ஊற்றிக்கொண்டு
ஒரு மனுசனின் வேலையைத் தீர்மானிக்க உட்கார்ந்தோம்.

"தூக்கணும்பா அந்தாள."
பிரபுதாஸ் முதல் வாக்கியத்திலேயே
தீர்ப்பைச் சொல்லிவிடுவான்,
வழக்கு பிறகு வரும்.
"தூக்கிட்டு? நீ வந்து விசில் ஊதுவியா?"
கேட்டது ஸ்டெல்லா. கோலி ஆரோனின் அக்கா.
நாலு கோலையும் வலைக்குப் பின்னால் நின்று பார்த்தவள்.
"ரெண்டு பேக்கும் மேல ஏறிப் பூட்டானுங்க,
என் தம்பி ஒண்டியா இன்னா பண்ணுவான்?"

ஏறச் சொன்னது யார்?
ஞானப்பிரகாசம்தான்.
போன வருசம் இதே மாதிரி ஏறித்தான் கப்பு வந்தது.
அன்றைக்கு அவரைத் தோளில் தூக்கிக்கொண்டு
கணேசபுரம் சப்வே வரை போனோம்.
எடை தாங்காமல் இறக்கச் சொன்னது நான்.
தூக்குவது என்ற சொல்
ஒரு வருசத்தில் எப்படி மாறிப்போகிறது.

வாயால் சொன்னால் புரியாதென்று
மோசஸ் பெஞ்சின் மேல் ஆட்டத்தை விரித்தான்.
காலி கிளாஸ்கள் காசிமேடு.
உப்பு பிஸ்கட் நாங்கள்.
சர்க்கரை டப்பா கோல்போஸ்ட்.
"ஞாயித்துக்கெயம காசிமேடு. அவனுங்க
லாங் பால் அடிப்பானுங்க, தலையால முட்டுவானுங்க.
அதுக்கு அடுத்த வாரம் ராயபுரம்.
ரெண்டுல ஒண்ணு ஜெயிக்கலன்னா
கீய் டிவிசன்தான், எய்தி வெச்சுக்கோ."
எழுத யாரிடமும் பேனா இல்லை.

பேச்சுச் சூட்டில் யாரோ
லெஃப்ட் பேக்கைத் தின்றுவிட்டார்கள்.
பத்துப் பேரோடு ஆடினோம்.
அப்படியும் மோசஸ் கணக்கில்
ஒன்றுக்குப் பூஜ்யம் ஜெயித்தோம்.

மணி பத்தரை இருக்கும்.
வண்டியை ஓரமாகச் சாய்த்துவிட்டு
அவர் வந்தார்,
கையில் மகளின் இருமல் மருந்து.
பகலில் ஹார்பர், மாலையில் எங்கள் பையன்கள்.
சம்பளம் முதலாவதற்கு மட்டும்.

பிரபுதாஸ் திடீரென்று லாரிகளை எண்ணத் தொடங்கினான்.

பெஞ்சைப் பார்த்துக்கொண்டே நின்றார்.
"லெஃப்ட் பேக் எங்கப்பா?"
ஸ்டெல்லா வாயைத் துடைத்துக்கொண்டாள்.

பிறகு நடுவிலிருந்த ஒரு பிஸ்கட்டை
இரண்டு விரற்கடை பின்னால் இழுத்தார்.
யோசித்தார்.
பழைய இடத்திலேயே திரும்ப வைத்தார்.
டீ சொல்லாமலே கிளம்பிவிட்டார்.

அதற்கப்புறம் ஒரு மணி நேரம்
அந்த இரண்டு விரற்கடைதான் பேச்சு.
இழுத்ததுதான் பிளான் என்கிறான் மோசஸ்.
திரும்ப வைத்ததுதான் என்கிறாள் ஸ்டெல்லா.
"அந்தாளுக்கே தெரியல, அதான் மேட்டரு."
பிரபுதாஸ் சொன்னதில் முன்பிருந்த காரம் இல்லை.
நசீர் பாய் வந்து
காசிமேடு டீமைக் கழுவ எடுத்துப்போனார்.

எனக்கு யார்டில் நைட் ஷிப்ட்.
கண்டெய்னர் நம்பர் குறிக்கிற வேலை.
அங்கே பேனா இருந்தது.
மணலிப் பக்கம் புகைபோக்கி நெருப்பு
வானத்தைச் சுரண்டிக்கொண்டிருக்க
ஷீட்டின் பின்பக்கம் பதினொரு புள்ளி வைத்தேன்.
நடுப்புள்ளியை முன்னே வைத்தேன், பின்னே வைத்தேன்.
எங்கே வைத்தாலும்
இடது பக்கம் திறந்தே கிடக்கிறது.

ஞாயிறு மூன்றரைக்கு ஆட்டம்.
லீவு சொல்லியாகிவிட்டது.