மினுங்கக் கூடாத பச்சை

பேருந்துப் பணிமனையில் இருபத்தாறு வருடம்
மஞ்சள் அடித்தவள் நான்.
என் மஞ்சளில் தெருவிளக்கு முகம் பார்த்துக்கொள்ளும்.
இப்போது ஆர்டென் மலைச்சரிவில்
என் வீட்டுக் கொட்டகையில்
பளபளப்பே குற்றமான ஒரு பச்சையோடு
மல்லுக்கட்டிக்கொண்டிருக்கிறேன்.

ஃபிர்மன் வாங்கிப்போட்ட வண்டி.
எண்பது வயது தாண்டிய டாட்ஜ் ஆம்புலன்ஸ்.
பின்கதவு இரண்டு, படுக்கை நான்கு,
ஓட்டுநர் இருக்கைக்கு அடியில் ஒரு எலிக்குடும்பம்.
மணவிலக்குத் தாளில் நீதிபதி எழுதிவிட்டார்:
விற்று, ஆளுக்குப் பாதி.
இருக்கிறபடியே விற்றுவிடலாம் என்றான் ஃபிர்மன்.
துருவை விற்றுப் பழக்கமில்லை எனக்கு.

உப்புத்தாளை நனைத்துத் தேய்க்கத் தொடங்கினேன்.
முதலில் வந்தது சிவப்பு,
ஏதோ ஒரு ஊரின் தீயணைப்புப் படை.
அதன் கீழே பாலேட்டு நிறம்.
ரொட்டிக்கடைக்காரன் தன் கையாலேயே அடித்திருக்கிறான்,
தூரிகை மயிர் இரண்டு இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கிறது.
அதற்கும் கீழே
தகடு மடியும் இடங்களில் மட்டும்
சுண்ணாம்பு.

பெயிண்ட் இல்லை, சுண்ணாம்பேதான்.
பனிக்குள் ஒளிந்துகொள்ள, ஒரு டிசம்பரில்
வாளியும் துடைப்பமுமாக யாரோ அப்பியது.
கதவுக் கைப்பிடியைச் சுற்றி ஒரு சாண் விட்டிருக்கிறார்கள்.
இரும்பில் விரல் ஒட்டும் குளிராக இருந்திருக்கும்.
அல்லது சூப்பு ஆறிவிடும் என்று யாராவது கூப்பிட்டிருப்பார்கள்.
பெயிண்டுக்காரிக்கு
அதற்குமேல் தெரியாது.

சுண்ணாம்புக்கும் அடியில்
நகக்கண் அளவு பச்சை.
அதைத்தான் டப்பாவில் பிடிக்க வேண்டும்.

மூன்று கடையில் மூன்று பச்சை கொடுத்தார்கள்.
ஒன்று குளத்துப் பாசி.
ஒன்று ஊறவைத்த ஆலிவ்.
ஒன்று சாணம், அதுவும் மழையில் கிடந்த சாணம்.
சாணத்தை வாங்கிவந்தேன்.

முதல் பூச்சு மினுங்கியது.
டப்பாமேல் குற்றமில்லை, என் கைதான்,
ஈரமாகவும் தாராளமாகவும் அடித்தே வளர்ந்த கை.
மறுநாள் துப்பாக்கியை ஒரு முழம் தள்ளிப் பிடித்தேன்,
காற்றைக் கூட்டினேன்,
கஞ்சத்தனத்தை மணிக்கட்டுக்குச் சொல்லிக்கொடுத்தேன்.
இரண்டாம் பூச்சுக்குள் போன வெளிச்சம்
திரும்பி வரவில்லை.

ஸெலியின் வெள்ளை வாத்து
ஈரம் காயுமுன் வந்து சாய்ந்தது.
மூன்று வாரம் அது பின்பக்கம் பச்சையாக
முன்பக்கம் பொதுமக்களாக
தெருவில் திரிந்தது.

வாத்துப் புகாரை விசாரிக்கத்தான் வந்தார்
நகராட்சி எழுத்தர் வாத்லே.
நான் நாடா ஒட்டிப் பக்கவாட்டில் வெள்ளைச் சதுரம் முடித்து
சிவப்பு டப்பாவைத் திறந்துகொண்டிருந்தேன்.
சிலுவை போடாதீர்கள், என்றார்.
அந்த வண்டிக்கு அதுதானே அடையாளம், என்றேன்.
சட்டப்படி அனுமதியில்லை, அம்மா.
அது இன்னும் வேலையில் இருக்கிற சின்னம்.
போர் முடிந்துதான் எவ்வளவு காலமாகிவிட்டதே!
தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தார்.
இங்கே, என்றார்.

அன்று இரவு செய்தியைப் போட்டேன்,
சத்தத்தைக் குறைத்து.
பிறகு கொட்டகைக்குப் போய்
சிவப்பு டப்பாவின் மூடியைச் சுத்தியலால் தட்டி மூடினேன்.

ஞாயிற்றுக்கிழமை ஃபிர்மன் ஆள் கூட்டிவந்தான்.
கென்ட் நகரத்து ஆள், விலையுயர்ந்த பூட்ஸ்.
வெள்ளைச் சதுரத்தை விரல் முட்டியால் தட்டினார்,
உள்ளே யாரோ இருப்பதுபோல.
இன்னும் முடியவில்லையே?
முடிந்தது, என்றேன்.
முந்நூறு குறைத்தார். ஃபிர்மன் என்னை முறைத்தான்.
பிறகு மட்கார்டைத் தடவிப் பார்த்தான்.
எதிலும் முகம் தெரியாத பச்சை.
கொஞ்ச நேரம் கையை எடுக்கவில்லை.

வண்டி மலைத் திருப்பத்தில் ஏறியது.
ஸ்ப்ரூஸ் மரங்களுக்குள் பச்சை முதலில் காணாமல் போனது,
சொல்லிவைத்த மாதிரி.
ஒரு வெள்ளைச் சதுரம் மட்டும்
யாரும் ஓட்டாமல்
கொஞ்ச தூரம் தனியே போனது.

பணம் பாதிப் பாதி.
எலிகள் என் பங்கில்.