எவன் நீ

ஏழு சூப்பர் ஹீரோக்கள் நகரத்தைத் தாங்கும் காட்சியில்
மூன்றாமவன் விழுகிறான்.
விழுந்தவன் வேறொருவன்.

புவன விஸ்தாவில், ஒன்பதாம் மாடியில்,
கோப்பி ஆறிப்போன நான்கு மாதம்
அவன் முகத்தைத் துடைத்துவிட்டு
நட்சத்திரத்தின் முகத்தை ஒட்டினேன்.
இருநூற்றுப் பதினாறு ஃபிரேம்.
தரை தொடுமுன் கண்ணை இறுக்குவான்,
இடப் புருவத்தில் பழைய தையல்.
கயிற்றையும் நான்தான் அழித்தேன்.

யீஷூனில் கடைசிக் காட்சி.
கைதட்டல் சரியான இடத்தில்தான் விழுந்தது.
பெயர்கள் ஓடத் தொடங்கியதும் எழப்போனேன்.
"கடைசியா ஒரு துணுக்கு வருமாம், உட்காரு லா"
என்றாள் ஷர்மிதா.

சண்டைக் கலைஞர்கள்
அறுபத்து மூன்று பேர்,
ஒரே அளவு எழுத்தில்.
எவன் நீ?

கீழிருந்து மேலே போய்க்கொண்டே இருந்தார்கள்.

"உன் பேரு வந்துச்சே, பாத்தியா?"

"ம்" என்றேன்.