பதினேழாம் நெடுஞ்சாலை மூடியிருக்கிறது

கடைசிப் போட்டிக்கு வந்தது நாலு பேர்.
கர்லிங் கிளப்பின் கீழ்த்தளத்தில்
அறுபது நாற்காலிகளை விரித்ததும் நான்தான்,
அத்தனையையும் மடக்கியதும் நான்தான்.
பரிசுத்தொகை பன்னிரண்டு டாலர்.
ஜெயித்த டெல்மார் அதை வைத்து
எல்லோருக்கும் ரோஜா நிறப் பூச்சு போட்ட
இனிப்பு ரொட்டி வாங்கிவந்தான்.
அரையிறுதி, இறுதி என்றெல்லாம்
வெட்கமில்லாமல் அட்டவணையில் எழுதியிருந்தேன்.

தண்டர் பேயில் ஒருகாலத்தில்
செவ்வாய்க்கிழமை எங்களுடையது.
ஏரிக்கு அப்பால் மல்லாந்து கிடக்கும்
கல் ராட்சசனைத் தவிர
ஊரில் எல்லோருக்கும் ஒரு பட்டப்பெயர் வைத்திருந்தோம்.
கெனோராவிலிருந்து ஐந்தரை மணிநேரம் ஓட்டி வருவார்கள்,
முதல் சுற்றிலேயே தோற்றுத் திரும்பிப் போக.
பிறகு ரெய்யா டொராண்டோ போனாள்.
பெட்ரோனுக் சகோதரர்களில் ஒருவனுக்கு இரட்டைக் குழந்தைகள்,
இன்னொருவனுக்கு மணிக்கட்டில் வலி.
மில் மூடிவிட்டது, ஊர் சுருங்கிவிட்டது,
வீட்டிலிருந்தே ஆடுகிறார்கள் என்று
கேட்டவர்களுக்கெல்லாம் காரணம் வைத்திருந்தேன்.

சொல்லாத காரணம் ஒன்று உண்டு.
பல்லில் கம்பி போட்ட ஒரு பையன்.
முதல் நாள், முதல் ஆட்டம்.
முப்பத்தெட்டு நொடியில் முடித்தேன்.
முடித்ததோடு விடவில்லை.
விழுந்து கிடந்த அவன் வீரன்மேல்
என் ஆளை உட்காரவைத்து எழவைத்து
உட்காரவைத்து எழவைத்து
சிரித்தேன். கூட இருந்தவர்களும் சிரித்தார்கள்.
அவன் தன் கண்ட்ரோலரின் வயரை
மடிப்பு மடிப்பாக, அவசரமே இல்லாமல்,
சுற்றி எடுத்துக்கொண்டு போனான்.

பிப்ரவரியில் டெல்மார் சொன்னான்:
"வராதவங்களுக்கு எதுக்குக் காத்திருக்கணும்?
டிவியை ஏத்து. நாம போவோம்."
குப்பை வண்டிகூட எடுக்காமல் விட்ட
பழைய குண்டு டிவிகள் நாலு,
ஒவ்வொன்றும் ஒரு கன்றுக்குட்டியின் கனம்.
டிரைடனில் ஒரு நூலகம் இடம் தருவதாகச் சொல்லியிருந்தது.
டிரைடன் போய்ச் சேரவில்லை.

இக்னஸ் பக்கத்தில் பனி
கண்ணாடிக்கு வெளியே உலகத்தைத் துடைத்துவிட்டது.
நெடுஞ்சாலையைப் பூட்டிவிட்டார்கள்.
டிரக்குகள் நிற்கும் உணவகத்தில்
முதலில் சூப் தீர்ந்தது, அப்புறம் பேச்சு.
சுவரில் பிளக் எங்கே இருக்கிறது என்று
டெல்மார் கேட்டான்.

பதினொரு பேர்.
மூன்று வருடத்தில் நான் நடத்திய பெரிய போட்டி,
அட்டவணை ஒரு காகிதக் கைக்குட்டையில்.
சமையல்காரி லொரெய்ன் ஒவ்வொரு குத்துக்கும்
திரையில் இருந்த பொம்மையிடம் மன்னிப்புக் கேட்டாள்.
ஹர்ஜோத் என்ற டிரக்காரர்
எந்தப் பட்டன் எதற்கு என்று கேட்கவே இல்லை,
எல்லாவற்றையும் அழுத்தினார்.

காலிறுதியில் எனக்கு எதிரே அவர்.
கை தானாக ஓடியது.
விழுந்தார்.
என் ஆள் பக்கத்தில் போய் நின்றது.
எல்லோரும் பார்ப்பதுபோல் இருந்தது.
யாரும் பார்க்கவில்லை,
லொரெய்ன் முட்டை உடைத்துக்கொண்டிருந்தாள்.
கண்ட்ரோலரை மடியில் வைத்துவிட்டேன்.
"இன்னொரு தடவை?"
"கணக்குல சேருமா?"
"சேராது."
"அப்படின்னா பத்துத் தடவை."

காலை ஆறரைக்குச் சாலை திறந்தது.
யாரும் எழுந்திருக்கவில்லை என்று எழுத ஆசைதான்.
எழுந்தார்கள். எல்லோருக்கும் சரக்கு இருந்தது, கெடு இருந்தது.
டிவி தூக்க இரண்டு பேர் கைகொடுத்தார்கள்.
அவ்வளவுதான்.

அடுத்த செவ்வாய் ஆறு பேர்.
அதற்கடுத்த செவ்வாய் மூன்று.
மார்ச் கடைசியில், கிளப் வாசலில்
ஆறு கார் நிற்கும் இடத்தை அடைத்துக்கொண்டு
வின்னிபெக் போகும் ஆப்பிள்கள் நின்றன.
"நாப்பது நிமிஷம்தான்" என்றபடி
படியிறங்கி வந்தார் ஹர்ஜோத்.
கையில் புதுக் கண்ட்ரோலர்,
வயரின் கட்டைக்கூட இன்னும் பிரிக்கவில்லை.

இப்போதெல்லாம் நாற்காலி
பன்னிரண்டுதான் விரிக்கிறேன்.
கம்பி போட்ட பையனின் பெயரைப்
பழைய அட்டவணைகளில் தேடிப் பார்த்தேன்.
முதல் சுற்று, என் பெயருக்குக் கீழே,
என் கையெழுத்திலேயே,
'புதுசு' என்று மட்டும் இருக்கிறது.