இரண்டு பல் குறைவு

நாங்குநேரி டோல்கேட் தாண்டினால் நிற்கும்.
அரை மணி ஆறப்போட்டால்
ஒன்றும் நடக்காதது போலக் கிளம்பும்.
பெட்ரோல் பம்பை மாற்றினேன், வட்டிக்கு வாங்கி.
பிளக்கை மாற்றினேன்.
கண்ணாடி முன்னால் எலுமிச்சம்பழத்தையும் மாற்றினேன்.

மேலப்பாளையம் மசூதை
முன்சீட்டில் ஏற்றிக்கொண்டு வந்தேன்.
அதே இடம். நின்றது.
பானெட்டைத் திறக்கவேயில்லை அவன்.
"செல்ஃப் அடியும்வே."
ஆர்.பி.எம். முள்
பூஜ்யத்தில் படுத்தே கிடந்தது.
"எஞ்சின் சுத்துது.
சுத்துதுன்னு அதுக்குத்தான் தெரியல."

மல்லாந்து அடியில் புகுந்து
குடிக்க வைத்திருந்த தண்ணீரை
எதன்மேலோ ஊற்றினான்.
ஸ்ஸ் என்றது.
சாவியைத் திருப்பினேன், பிடித்துக்கொண்டது.

பிறகு பத்தாம் நம்பர் போல்ட் ஒன்றுதான்.
விரல் நீளக் கறுப்பு சென்சார்,
நுனியில் அரும்புமீசையாய் இரும்புத்தூள்.
"எதுத்தாப்புல சக்கரத்துல அறுபது பல்லு.
ரெண்டு மட்டும் இருக்காது.
அந்தப் பொக்கைய வச்சுத்தான்
எங்க நிக்கோம்னு எண்ணிக்கிடும்."
புதியதற்கு ஆயிரத்து நானூறு.
கூலி சொல்லவில்லை; கொடுத்ததை எண்ணவுமில்லை.

மறுநாள் உச்சிவெயில்.
டோல்கேட் தாண்டி
வெள்ளரிப்பிஞ்சு விற்கும் புஷ்பக்கனி
தூரத்திலேயே வண்டியைப் பார்த்துவிட்டு
இரண்டைக் கீறி, மிளகாய்ப்பொடி தடவி,
கையைத் தூக்கினாள்.

எண்பதில் போய்க்கொண்டிருந்தேன்.